டூரிசத்தில் வேலை

என் மாமனாருக்கு இப்போது என்னைப் பற்றிப் பெருமையடிப்பதே பொழுதுபோக்காகிவிட்டது. பெரிய மகன் வயிற்றுப் பேரன் கேட்டரிங் படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து இது ஆரம்பித்தது. யார் வீட்டுக்கு வந்தாலும், சின்ன மருமகள் கல்யாணத்துக்கு முன்பே பெரிய ஸ்டார் ஓட்டலில் இருந்தவள், வெள்ளைக்காரர்களிடம் தஸ்புஸ்ஸென்று இங்கிலீஷ் பேசுவாள் என்று தொடங்கிவிடுகிறார். இதே மனிதர்தான் எங்கள் நிச்சயதார்த்தத்தில் 'ஓட்டல்' என்ற சொல்லை யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது என்று என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டவர். அவர் பேச ஆரம்பித்ததும் நான் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் பி.காம். முடித்து, டைப்ரைட்டிங் ஹயரும் பாஸ் பண்ணிவிட்டு, மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே கடலோரத்தில் இருந்த ஒரு ஓட்டலில் வரவேற்பு மேஜைக்குச் சேர்ந்தேன். எங்கள் வீடு செங்கல்பட்டில். காலை ஆறேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் எட்டு மணிக்குள் போய்ச் சேர முடியும். அந்த பஸ்ஸில் வரும் ஆண்களைப் பற்றித் தனியாகவே ஒரு புத்தகம் எழுதலாம், ஆனால் அவ்வளவு காகிதத்துக்கு அவர்கள் லாயக்கில்லை. ஒரே ஆள் மூன்று வருஷம் தினமும் என்னிடம், மேடம் எந்த ஆபீஸ் என்று கேட்டார். பதில் சொன்ன நாளிலும் கேட்டார், சொல்லாத நாளிலும் கேட்டார். என் பதில் அவருக்குத் தேவையே இல்லை என்று புரிந்தபிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளப் பழகினேன்.

ஓட்டலுக்கு வருகிறவர்கள் அதற்கு மேல். சனி ஞாயிறு சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கும் குடும்பங்கள், கடலைப் பார்த்த மாதிரி ரூம் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்குவார்கள். மறுநாள் காலையில் வந்து, ராத்திரி முழுக்க அலைச் சத்தத்தில் தூக்கமே இல்லை, ஏதாவது செய்யக் கூடாதா என்பார்கள். கடலுக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லத் துடிக்கும் நாக்கை மடக்கிக்கொண்டு சிரிப்பேன். வெள்ளைக்காரர்களோ கற்கோயிலைப் பார்த்துவிட்டு வந்து, எனக்கும் நடனம் தெரியுமா என்று கேட்பார்கள். எங்கள் மேனேஜர் தமிழே தெரியாதவர் மாதிரி நடந்துகொள்வார். கோபம் வந்தால் மட்டும் அவருடைய வந்தவாசித் தமிழ் சுத்தமாக வெளியே வரும்.

அங்கே நான் மதித்த ஒரே ஆள், ரூம் சுத்தம் செய்யும் பிரிவில் இருந்த ஒருத்தி. திருக்கழுக்குன்றத்தில் அதே பஸ்ஸில் ஏறுவாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவள். இரண்டு பிள்ளைகள். யாராக இருந்தாலும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள், மேனேஜரையும் விடமாட்டாள். ஆறு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் ஸ்டாஃப் ரூமில் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். அவளுடைய கருவாட்டுக் குழம்பை என் டிபன் பாக்ஸின் மூடியில் ஊற்றிக்கொள்வேன். வீட்டில் அம்மா அந்த மூடியை முகர்ந்து பார்த்துவிட்டு இரண்டு தடவை தேய்ப்பாள்.

நம் தமிழில் ஓட்டல் என்றால் இட்லியும் பரோட்டாவும் போடுகிற இடம். அதில் ரூம் இருக்கும், வரவேற்பு மேஜை இருக்கும், அங்கே பி.காம். படித்த பெண் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தட்டுவாள் என்பதெல்லாம் எங்கள் சொந்தக்காரர்களின் மண்டைக்குள் போகவே இல்லை. கேஷிலா, பார்சலிலா என்று ஒரு சித்தி கேட்டாள். இன்னொருத்தி, மீந்துபோனால் சாம்பாரைக் கொட்டிவிடாமல் கொண்டுவரச் சொன்னாள். விளக்கிச் சொன்னால் இன்னும் மோசம். ரூம் போடுகிற ஓட்டல் என்று தெரிந்ததும் முகம் மாறும், குரல் தணியும், அப்புறம் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை. பார்சல் சாம்பாரே தேவலாம் என்று தோன்றும். அம்மா இந்த வம்பே வேண்டாமென்று எல்லாரிடமும் 'கம்பெனியில் இருக்கிறாள்' என்று முடித்துக்கொண்டாள்.

எனக்கு இருபத்தேழு ஆனபோது, ஆறாவதாக வந்த பெண் பார்க்கும் படலத்தில் என் கணவர் வந்தார். திருப்போரூர்ப் பக்கத்தில் நிலமும் இரண்டு லாரியும் இருந்த குடும்பம். அவர் கேளம்பாக்கம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தனியாகப் பேசச் சொல்லி மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். ஐந்து நிமிஷம் வத்தல் காய்வதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'உங்களுக்கு எக்ஸெல் தெரியுமா?' என்று கேட்டார். தெரியும் என்றேன். தலையை ஆட்டினார். எங்கள் காதல் அத்தியாயம் அதோடு முடிந்தது. கீழே அவருடைய அப்பா அரை மணி நேரம் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டு கேசரி சாப்பிட்டார்.

பத்து நாள் கழித்து, பகல் பன்னிரண்டு மணிக்கு, அந்த அப்பா, என் வருங்கால மாமனார், எங்கள் ஓட்டலுக்குள் நுழைந்தார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. நான் யூனிஃபார்ம் புடவையில், கொண்டை போட்டு, மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தேன். நேராக என்னிடம் வந்தார்.

"ஏம்மா, சாப்பாட்டு டோக்கன் இங்கதான் குடுக்கறாங்களா?"

அரை மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்த முகம் அவருக்கு ஞாபகமில்லை. பட்டுப் புடவையையும் பூவையும் கழித்துவிட்டால் நான் யாரோ. இங்கே டோக்கன் கிடையாது, ரெஸ்டாரன்ட் அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினேன். போகவில்லை. மேஜைமேல் குனிந்து, இங்கே செங்கல்பட்டிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வருகிறாளாமே, எப்படிப்பட்ட பெண் என்று என்னிடமே விசாரித்தார். நல்ல பெண்தான் என்றேன். ஆம்பளைகளோடு பேசுவாளா என்றார். வேலையே அதுதானே என்றேன். அந்த நேரம் பார்த்து ஒரு ஜெர்மன்காரர் அரை டிராயரோடு வந்து, சாவியைக் கொடுத்து, என் கையைப் பிடித்துக் குலுக்கி விடைபெற்றுக்கொண்டு போனார். மாமனார் அந்த அரை டிராயரை வாசல்வரை கண்ணாலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். நான்தான் அந்தப் பெண் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வேடிக்கை பார்த்தேன். அந்த ஆளை அவ்வளவு அற்பமாக நினைத்தேன்.

அதற்கடுத்த வாரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசினார். பெண்ணைப் பற்றி விசாரித்துவிட்டாராம், நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்களாம். உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் இடம்தான் சரியில்லையாம். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலை வேண்டாம். நிச்சயத்தன்று அவர்கள் பக்கத்து ஆட்கள் நாற்பது பேர் வருவார்கள், அவர்கள் காதில் ஓட்டல் என்று விழக் கூடாது. 'டூரிசத்துல வேலைன்னு சொல்லிடலாம்ங்க, கவர்மென்ட்டு மாதிரியும் இருக்கும்' என்று அவரே வழியும் சொன்னார். தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் யார் எதைச் சொன்னாலும் சரி என்று எழுதிக்கொடுத்தே பழகிய என் அப்பா, இதற்கும் சரி என்றார்.

மறுநாள் ஸ்டாஃப் ரூம் மேஜையில், கருவாட்டுக் குழம்புக்காரியிடம் நான் கொதித்தேன். டோக்கன் கேட்ட கதையைச் சொன்னபோது அவள் புரையேறிச் சிரித்தாள். டூரிசம் கதையைச் சொன்னபோது சிரிக்கவில்லை. பொய் சொல்லித்தான் ஒரு கல்யாணம் ஆக வேண்டுமா, நான் என்ன திருடியா என்றேன். நிச்சயத்தன்று யாராவது ஒருத்தர் கேட்கட்டும், நாற்பது பேர் முன்னால் ஓட்டலில் வேலை, கல்யாணத்துக்குப் பிறகும் போவேன் என்று சொல்லப் போகிறேன், இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும் என்றேன். நீ அவசியம் வா, வந்து நேரில் பார் என்றேன். அவள் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சரி வரேன் என்றாள்.

நிச்சயம் செங்கல்பட்டில் ஒரு சின்ன மண்டபத்தில். நாற்பது என்று சொன்னவர்கள் எழுபது பேராக வந்தார்கள். அவள் மாம்பழக் கலர் புடவை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து, கையில் பரிசுப் பொட்டலத்தோடு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். ஐயர் நிச்சயப் பத்திரிகையை வாசித்தார். மாமனார் சொல்லிக்கொடுத்தபடி, என் பெயருக்கு முன்னால் 'டூரிசம் டிபார்ட்மென்ட்டில் பணிபுரியும்' என்று ராகம் போட்டு நீட்டினார். கூட்டத்தில் ஒரு திருப்தி முணுமுணுப்பு. முன்வரிசையில் மாப்பிள்ளையின் பெரியத்தை. அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். பொண்ணுக்கு எங்க வேலையாம் என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். பக்கத்திலிருந்தவள் என்னைப் பார்த்து, நீயே சத்தமாகச் சொல்லும்மா என்றாள்.

இதைவிட நல்ல சந்தர்ப்பத்தை யாரும் தட்டில் வைத்துக் கொடுத்திருக்க முடியாது. மண்டபமே என் வாயைப் பார்த்தது. மாமனார் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டார். நான் மூன்றாவது வரிசைப் பக்கம் பார்க்கவில்லை. புடவை பாரமாக இருந்தது, கழுத்தில் மாலை உறுத்தியது, எழுபது பேர் என்னைப் பிடித்துப்போன முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்காக, எனக்கு அடுத்துக் காத்திருந்த தங்கைக்காக என்று பிற்பாடு எனக்கு நானே நிறையச் சமாதானம் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் சும்மா. எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டியிருந்தது. மொட்டை மாடியில் எக்ஸெல் பற்றிக் கேட்ட அந்த ஆள்கூட வேண்டியிருந்தார்.

"டூரிசத்துலங்க" என்றேன். காது மந்தமானவளுக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன்.

பெரியத்தைக்குப் பரம திருப்தி. தட்டு மாற்றினார்கள். அதற்குப் பிறகு மூன்றாவது வரிசையிலிருந்து அவள் மேடை ஏறி, என் நெற்றியில் குங்குமம் வைத்து, பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள். பெரியத்தை விடவில்லை. இறங்கி வந்தவளை நாற்காலியிலிருந்தபடியே கூப்பிட்டு, நீ பொண்ணுக்கு இன்னா ஒறவு என்றாள்.

இவளுக்குப் பொய் வராது. ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட வந்ததில்லை. இப்போது சொல்லப் போகிறாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அந்த நிமிஷத்தில் அவளை நான் வெறுத்தேன் என்பதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

"ஒறவுலாம் இல்லீங்க. ஒரே பஸ்ஸுல வருவோம், அவ்ளோதான்."

"நீ எங்க வேலை செய்யுற?"

"ஓட்டல்லங்க. ரூம் கூட்டித் தொடைக்கிற வேலை."

ஒரு தயக்கமும் இல்லாமல், யாரையும் பார்க்காமல், மேடைக்கே கேட்கிற குரலில் சொன்னாள். பெரியத்தை உதட்டைப் பிதுக்கி, ஓட்டலா, பாவம் என்றாள். பக்கத்திலிருந்தவள் தன் முந்தானையைக் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். நான் மேலே நின்று, கையில் பொட்டலத்தோடு, இரண்டையும் பார்த்தேன். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். இன்றைக்கும் ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது, எல்லாவற்றிலும் அதில்தான் நான் அழகாக இருப்பதாக என் கணவர் சொல்வார்.

திங்கட்கிழமை அவள் பஸ்ஸில் வரவில்லை. எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால், முன்னாலேயே வேறு பஸ்ஸில் வந்து, துணி அறையில் சலவைக்குப் போய்வந்த படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றேன். மேனேஜரை, மாமனாரை, பஸ் ஆட்களை, சென்னைக் குடும்பங்களை எத்தனையோ நாள் அந்த அறையில் நின்று நாங்கள் கிழித்திருக்கிறோம். அன்றைக்குக் கிழிக்க எனக்கு ஆளே கிடைக்கவில்லை. கடைசியில், என்னால் சொல்ல முடியவில்லை என்றேன்.

"வுடு" என்றாள். "நீ சொல்லுவேன்னு நான் நெனைக்கவே இல்ல."

அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அப்படியென்றால் எதற்கு வந்தாய் என்று கேட்டேன். இன்னொரு விரிப்பை எடுத்து உதறி, நுனியோடு நுனி சேர்த்துக்கொண்டே சொன்னாள்:

"இன்னா கேள்வி இது? நீ கூப்ட்ட, வந்தேன்."