எலுமிச்சைக் கூட்டில் மூன்று குஞ்சுகள்

அந்தச் சத்தத்தில் காதே அடைத்துப்போகும். காலையில் மல்லிகை பறிக்க இறங்கியதுமே தவிட்டுக்குருவிக் கூட்டம் வரப்பில் தத்தித் தத்தி வந்து, சொத்துச் சண்டை மாதிரி கூப்பாடு போடும். நான் கல்யாணமாகி எரியோட்டுக்கு வந்த புதிது. அந்த ஊரில் என்னோடு அதிகம் பேசியது அவைதான் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்...

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் செடியில் குருவி அடைகாக்கிறதோ, அதில் சிவப்புத் துணி கட்டிவிடுவோம். கூடு காலியாகும்வரை அந்தச் செடியில் பறிப்பும் கிடையாது, மருந்தும் கிடையாது. புழு தின்கிற குருவி ஆயிற்றே.

அந்த வருஷம் வரப்போர எலுமிச்சையில் துணி கட்டினோம். எட்டிப் பார்த்தேன்... நீல நிறத்தில் மூன்று முட்டை. மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

பொரித்த பிறகுதான் குழப்பம். ஒன்று மட்டும் கொழுகொழுவென்று வளர்ந்து கூட்டையே அடைத்துக்கொண்டது. வருகிற புழுவெல்லாம் அதன் வாய்க்கே போனது. மற்ற இரண்டும் அடியில் துவண்டு கிடந்தன.

நாத்தனார் செல்வி பார்த்ததுமே சொல்லிவிட்டாள். "மதினி, இது சுடலைக்குயில் குஞ்சு. கறுப்பும் வெள்ளையுமா கொண்டை வச்சுக்கிட்டுத் திரியுமே, அது இட்டுட்டுப் போன முட்டை. தூக்கி வேலிக்கு அங்கிட்டுப் போடுங்க. இல்லாட்டி சின்னது ரெண்டும் செத்துப்போகும்."

என் வீட்டுக்காரரோ, "ஏ புள்ள, முருங்கையில கம்பளிப்பூச்சியத் தின்னுறதே அந்தக் குயில்தான். அதப் போயி..." என்று இழுத்தார்.

யார் பேச்சைக் கேட்பது? அந்த இரண்டையும் பார்க்கச் சகிக்காமல் பெரியதைக் கையில் எடுத்தேன். அவ்வளவுதான்... கூட்டம் மொத்தமும் என் தலைக்கு மேல் வந்துவிட்டது. ஒன்று தலைத்துண்டைக் கொத்தியது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுப்பதுபோல் கதறின. திரும்பக் கூட்டிலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் சின்னது ஒன்று செத்துக் கிடந்தது. இன்னொன்று என்ன ஆனதென்று தெரியவில்லை... ஒருநாள் கூடு காலியாக இருந்தது. பெரியது மட்டும் முருங்கைக் கிளையில் உட்கார்ந்து வாயைப் பிளக்க, இரண்டு தவிட்டுக்குருவிகள் மாறி மாறி ஊட்டிக்கொண்டிருந்தன. செல்வி கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு வருஷா வருஷம் குயில் கூடிக்கொண்டே வந்தது. தவிட்டுக்குருவி குறைந்துகொண்டே வந்தது. இப்போது தோட்டத்தில் ஒன்றுகூட இல்லை. காலையில் செல்போனில் பாட்டு வைத்துக்கொண்டுதான் பூப் பறிக்கிறேன்.

"அம்புட்டும் குயிலு பண்ண வேலை மதினி" என்கிறாள் செல்வி, ஊருக்கு வரும்போதெல்லாம். "நாம அடிக்கிற மருந்துக்கு எந்தக் குருவி தங்கும்?" என்கிறார் இவர். இரண்டும் சரி என்றுதான் படுகிறது. அன்றைக்கு அந்தக் குஞ்சைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டுமா, கூடாதா... இத்தனை வருஷமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

நேற்று மழை விட்டதும் கரண்ட் கம்பியில் ஒரு சுடலைக்குயில் வந்து உட்கார்ந்து கூப்பிட்டது. கோபம்தான் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இந்தப் பக்கம் ஒரு தவிட்டுக்குருவிகூட இல்லையே... பாவம், இது இனி எங்கே போய் முட்டையிடும்?