சலவைக்கூடம் கேட்ட கையெழுத்து

கம்ப்யூட்டர் படிப்பு படிக்காமலே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை வாங்கினாள். புகார் போன் எடுக்கும் நாற்காலியில் இருந்தபடியே, யாரும் சொல்லாமல் ஒரு அயல்நாட்டு மொழியைக் கற்றுக்கொண்டாள். அந்த நாட்டில் வியாபாரம் தொடங்கும் பொறுப்பு வந்தபோது பெரிய பட்டம் பெற்ற இருவரைத் தாண்டி அதையும் வாங்கினாள். இன்று அங்கே நாற்பது சலவைக்கூடங்கள் அவளை நம்பி ஓடுகின்றன. என் தங்கையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். வாதாடாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டாள்.

எந்த ஓட்டலின் விரிப்பு எந்த மிஷினில் இருக்கிறது, எப்போது திரும்பும் என்பதையெல்லாம் தங்கை கம்பெனியின் சாஃப்ட்வேர் திரையில் காட்டும். எல்லாம் கம்பெனியின் சர்வரில் ஓடுவதால் சலவைக்கூடத்தில் இன்டர்நெட் இருந்தால் போதும். அப்படியிருக்க வெளிநாட்டில் அலுவலகம் எதற்கு என்று முதலாளி நினைத்தார். என் வீட்டு முன்னறையில், தையல் மிஷினுக்குப் பக்கத்து மேசைதான் தங்கையின் வெளிநாட்டு அலுவலகம்.

சோதித்துப் பார்க்க ஒரே ஒரு சலவைக்கூடம் சம்மதித்தது. அது தொடர்ந்தால் கம்பெனி அந்த நாட்டில் காலூன்றும். விட்டுப்போனால் கடையைச் சுருட்டிவிட்டு இவள் பழையபடி புகார் போன் எடுக்கப் போக வேண்டும்.

ஒரு நாள் அந்தக் கூடத்தின் உரிமையாளர் அம்மாள் அழைத்தார். தினமும் காலையில், வண்டிகள் வந்து நிற்கும் நேரம் பார்த்துத் திரை வெறுமையாகிவிடுகிறது, ஒரு ஓட்டலின் விரிப்பு இன்னொரு ஓட்டலுக்குப் போகிறது, இந்த வாரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றார்.

தங்கை போனை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, நாங்கதான் மூடுறோம்."

ஊர் தூங்கும் நேரத்தில் சாஃப்ட்வேரை அரை மணி நிறுத்திச் சரிபார்ப்பது கம்பெனி தொடங்கிய நாள் முதல் வழக்கம். இங்கே எந்த வாடிக்கையாளரும் அதைக் கவனித்ததில்லை. நமது நடுராத்திரி அங்கே காலை என்பது, அங்கே விற்கக் கிளம்பிய யாருக்கும், என் தங்கைக்கும்கூட, தோன்றவே இல்லை.

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என் கணவர் சும்மா இருப்பாரா?

"வக்கீலம்மா, உங்க கடைய மூடுறீங்க, சரி. அடுத்தவங்க கடையையும் சேர்த்துப் பூட்டலாம்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"மாமா, பேசாம இருங்க. இல்லன்னா உங்க வாயையும் அரை மணி நிறுத்திடுவேன்."

அடுத்து முதலாளிக்குப் போன் போட்டாள். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"நெட்வொர்க் கோளாறுன்னு சொல்லிடும்மா. நேரத்தை மாத்திக்கலாம்."

"எந்த நேரத்துக்கு சார்? மாத்தினா இங்க பகல்ல நிக்கும். அந்த நாட்டுக்குன்னு தனி சர்வர் வேணும். அவங்க ராத்திரியில அதை நிறுத்திக்கலாம்."

"ஒரே ஒரு கடைக்காகவா?"

"ரெண்டாவது கடைக்காக சார். இது போயிட்டா அது எங்கேருந்து வரும்? பொய்யும் என்னால சொல்ல முடியாது. அடுத்த வாரமே மாட்டிக்குவோம்."

முதலாளி இறங்கி வந்தார்.

"சரி, பண்ணு. தனி சர்வர் வர்ற வரைக்கும் ராத்திரி வேலைய நிறுத்தி வைக்கச் சொல்றேன்."

அந்த அம்மாளிடம் நடந்ததை அப்படியே சொன்னாள். அவர் முதலில் திட்டினார், பிறகு சிரித்தார், அதன் பிறகு இரண்டு நிபந்தனை போட்டார். காலை நேரத்தில் நிறுத்த மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். அதில், தான் பார்த்திராத முதலாளி கையெழுத்துப் போடக் கூடாது, தப்பை ஒப்புக்கொண்டவள்தான் போட வேண்டும்.

அதுவரை தங்கை எழுதிய எல்லாவற்றிலும் முதலாளியின் பெயர்தான் இருக்கும். அவர் அனுமதி எழுதி அனுப்பினார். மேசையில் கிடந்த துணித்துண்டுகளை நான் ஒதுக்கிக் கொடுத்தேன். கம்பெனிக்காக அவள் முதன்முதலில் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2019 செப்டம்பர் 19, வியாழக்கிழமை.