பாதி மாமா

நாலாவது திருகாணியை அப்பா சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.

"இது அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு."

சலவை இயந்திரத்துக்கு மேலே, சோப்புத்தூள் டப்பாக்கள் வைப்பதற்கான பலகை, மூன்று திருகாணிகளின் தயவில் சுவரில் நின்றது. மகள் லிஃப்ட் பழுது பார்ப்பவள். ஒரு போல்ட் குறைந்தாலும் கையெழுத்துப் போடாமல் திரும்பி வருகிறவள்.

"ஒரு நிமிஷ வேலைப்பா."

"தொளை பெருசாயிடுச்சு, இஞ்சினியரம்மா. சொவத்துக்குள்ள இருக்கற பிளாஸ்டிக் பிளக்கு லொடலொடன்னு ஆடுது. கடைக்குப் போய்ப் பெரிய சைஸா வாங்கி வைக்கிறேன். நீ வந்து முறுக்கிடு."

பெரிய அளவு பிளக் அவளுடைய கருவிப் பையிலேயே ஒரு டப்பா நிறைய இருந்தது. அவள் சொல்லவில்லை. அது அவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இந்த மனுஷர் கையால முழுசா முடிஞ்சது எங்க கல்யாணம் ஒண்ணுதான். அதுவும் எங்கப்பா பக்கத்துலயே நின்னதால."

தலை நரைக்கும்வரை அவர் உல்லாசக் கப்பலில் வேலை பார்த்தார். கப்பல் என்றதும் கேட்பவர்கள் மனதில் வெள்ளைச் சீருடையோ எண்ணெய் படிந்த இயந்திர அறையோ வரும். அவருடைய இடம் மேல்தளத்தில் இருந்த குழந்தைகள் கிளப். குடும்பத்தோடு பயணம் வருகிறவர்கள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு நீச்சல் குளத்துக்கோ இரண்டாவது தூக்கத்துக்கோ போவார்கள். வாசலை அடைக்கிற உடம்பு, முறுக்கு மீசை; இந்த ஆகிருதியோடு, முட்டி நெஞ்சில் இடிக்க, கைப்பிடியளவு நாற்காலியில் உட்கார்ந்து காகிதக் கிரீடம் ஒட்டிக்கொண்டிருப்பார். அந்தப் பழக்கத்தில் வீட்டுச் சோபாவிலும் முன்விளிம்பில்தான் உட்காருவார். எந்தக் கதவைத் திறந்தாலும் முதலில் கீழே பார்ப்பார், யாராவது தவழ்ந்து வருகிறார்களா என்று. முக்கியமான விஷயம் பேச வேண்டுமென்றால் எதிரில் இருப்பவர் முன் குந்திவிடுவார். மகளின் மேலதிகாரி ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது, அவர் நாற்காலிக்கு முன்னால் குந்தி, "எங்க பொண்ணு உயரத்துல வேலை செய்யறா, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றார். அந்த மனிதர் பதறியடித்து எழுந்து நின்றுவிட்டார்.

கிளப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு நேரம் போவது தெரியாது. முதல் நாள் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுகிற பிள்ளை, மறுநாள் கதவு திறக்கும் முன்பே, துண்டைக்கூடக் கழற்றாத அப்பாவை இழுத்துக்கொண்டு வந்து நிற்கும். கடற்கொள்ளையர் நாளன்று கரியால் மீசை வரைந்துகொண்டு, கையில் வரைபடத்தோடு, கப்பலின் நடைபாதை முழுவதும் புதையல் தேடும். அறை துடைக்கிறவர்கள் வாளிக்குப் பக்கத்தில் செத்ததுபோல் படுத்துக்கொள்வார்கள். அவர்களைச் சிரிக்க வைத்தால்தான் அடுத்த தடயம் கிடைக்கும். சாயங்காலம் வாசலில் பெற்றவர்களின் வரிசை நிற்கும். இரண்டு ஐஸ்கிரீம் உருகி முழங்கைவரை வழிய ஒரு அம்மா நின்றாராம். மகன் உள்ளேயிருந்து தலையைக்கூடத் திருப்பாமல், "நீங்களே சாப்பிடுங்கம்மா, எனக்கு வேலை இருக்கு" என்றானாம்.

"கெஞ்சறது பெத்தவங்க, கெத்து காட்டறது பசங்க" என்பார் அவர்.

அழாமல் அவர்களை அறைக்கு அனுப்ப அவரிடம் ஒரே ஒரு வித்தைதான் இருந்தது. எதையும் அன்றைக்கே முடிக்க விடமாட்டார். கிரீடம் ஒட்டியாகும், கல் பதித்திருக்காது. கதையில் பூதம் வாயைத் திறந்திருக்கும், என்ன சொன்னது என்று தெரிந்திருக்காது. "முடிச்சுக் குடுத்தா புள்ள போயிடும். பாதியில விட்டா மனசு இங்கயே இருக்கும், காலு மட்டும் அப்பா அம்மாகூடப் போகும்." சீக்கிரம் தூங்கினால் சீக்கிரம் விடியும் என்று பிள்ளைகள் தாங்களாகவே போர்வைக்குள் புகுந்துகொள்வார்களாம். கூட வேலை செய்தவர்களுக்கு அவர் 'பாதி'. பிள்ளைகளுக்குப் பாதி மாமா.

பயணத்தின் கடைசி மாலை மட்டும் அவருக்கு ஆகாது. "அன்னிக்குத்தான் எல்லாம் முழுசாகும்" என்பார். கிரீடத்தில் கல் ஏறும், புதையல் பெட்டி திறக்கும், பூதம் பேசிவிடும். பிள்ளைகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள்.

இதையெல்லாம் மகள் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, படுக்கையில் கிடந்து கேட்டு வளர்ந்தவள். கப்பலைப் பார்க்க அவளுக்கு ஆசையில்லை. கடலும் வேண்டாம். அந்த அறைக்குள் இருக்க வேண்டும். வாசலில் யாராவது வந்து கூப்பிட வேண்டும். இவள் தலையைத் திருப்பாமல், வேலை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஒரே ஒருமுறை, கப்பல் துறைமுகத்தில் நின்ற பகல்பொழுதில், ஊழியர் குடும்பங்களை மேலே ஏற்றினார்கள். ஓடிப்போய்ப் பார்த்தாள். அறை காலி. பழைய பயணிகள் இறங்கிவிட்டார்கள், புதியவர்கள் இன்னும் ஏறவில்லை. பந்துத் தொட்டியின் பந்துகளைக்கூடக் கழுவி, வலைப்பைகளில் கட்டி, நீர் வடியத் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் காய்ந்த தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தாள். அவர் விளிம்பில் வந்து குந்தினார்.

"பசங்க எங்கப்பா?"

"ஊருக்குப் போயிட்டாங்கடா கண்ணு."

"அப்ப இன்னிக்கு?"

"இன்னிக்கு நீ மட்டுந்தான்."

ஒரு வலைப்பையை அவிழ்த்து ஈரப் பந்துகளை அவள் தலையில் கொட்டினார். இரண்டாவது பையில் கை வைத்தபோது, எல்லாரும் இறங்கலாம் என்று ஒலிபெருக்கி சொல்லிவிட்டது. "அது அடுத்த தடவை" என்றார். அடுத்த முறை கப்பல் வேறு தடத்துக்குப் போய்விட்டது.

விடுமுறை முடிந்து கிளம்பும்போதெல்லாம் வீட்டிலும் எதையாவது பாதியில் விட்டுவிட்டுப் போவார். ஒருமுறை தீப்பெட்டியில் ஒரு லிஃப்ட். நூல்கண்டுதான் மேல் சக்கரம். ஒருபக்கம் தீப்பெட்டி தொங்கியது. மறுபக்கம் எடை கட்டாமல் நூல் வெறுமனே ஆடியது. "எடைய நான் வந்து கட்டறேன்" என்றார். மகள் மாதக்கணக்கில் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு தையல் மிஷின் பெட்டியிலிருந்து ஒரு நட்டை எடுத்துக் கட்டிவிட்டாள். தீப்பெட்டி ஏறியது, இறங்கியது, சொன்ன இடத்தில் நின்றது.

திரும்பி வந்தவர் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் அதைப் பார்த்தார். "முடிச்சிட்டியா" என்றார். சிரித்தார். ஆனால் குந்தவில்லை, நின்றபடியேதான் இருந்தார்.

மறுநாள் காலை மகள் நட்டை அவிழ்த்து ஒளித்துவைத்துவிட்டு அவரிடம் போனாள். "அப்பா, இது ஓட மாட்டேங்குது."

"கொண்டா பாப்போம்" என்று அவர் குந்தினார்.

அதன்பின் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்தபோது மகள் வேறு ஊரில், வேலையில் இருந்தாள். காத்திருக்கிற முறை அவருடையதாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வருவாள். குழாய் பாதி கழன்றிருக்கும். மின்விசிறியின் ஓர் இறக்கை மட்டும் துடைத்திருக்கும். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "பெத்த பொண்ணை வரவழைக்க வீட்டையே பிரிச்சுப் போடற ஆளை எங்கயாவது பாத்திருக்கியா?"

திருகாணியைப் பையில் போட்ட அந்த வாரமே, வியாழக்கிழமை காலை, பால் வைக்க அடுப்படிக்குப் போனவர் அங்கேயே உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. இதயம் என்றார் மருத்துவர்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை, மகள் கதவுக்குப் பின்னால் தொங்கிய அவருடைய சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையில் ஏதோ கனத்தது. பொத்தானைக் கழற்றினாள். திருகாணி.

சலவை இயந்திரத்துக்கு முன்னால் கருவிப் பையைத் திறந்தாள். திருப்புளியை எடுத்தாள். டப்பாவிலிருந்து பெரிய அளவு பிளக் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். ஆடிய பழைய பிளக்கை நகத்தால் நெம்பினால் வந்துவிடும்.

"என்னடி பண்றே?" அம்மா வாசற்படியில் நின்றாள்.

"இதை முடிச்சிடறேம்மா."

அம்மா பலகையைப் பார்த்தாள். திறந்து கிடந்த பையையும், பிளக் டப்பாவையும் பார்த்தாள்.

"அதுக்குப் பெருசா ஏதோ வாங்கணும்னாரே. கடைக்குப் போறேன் போறேன்னு சொல்லிட்டே இருந்தாரு. இன்னும் வாங்கலையே."

மகள் உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

"ஆமாம்மா. இன்னும் வாங்கல."

அம்மா அவளுடைய மறு கையிலிருந்து திருகாணியை எடுத்தாள். துவைக்காத சட்டையின் பையில் அதைப் போட்டாள். பொத்தானை மாட்டினாள்.