எங்கள் வீட்டு இரும்புச்சத்துத் திட்டம்

மறைமலை நகரில் கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடுவது என் வேலை. எந்த நாளில் எந்த இயந்திரத்தில் எது எத்தனை ஓட வேண்டும் என்று எக்செல்லில் கட்டம் போடுவேன். இருபத்திரண்டு வருஷமாக இதையே செய்பவனுக்கு ஒரு வியாதி வந்துவிடும். உலகத்தில் எது ஒழுங்காக நடக்காவிட்டாலும், யாரும் அதற்குக் கட்டம் போடாததுதான் காரணம் என்று தோன்றும்.

போன வருஷம் என் மனைவிக்குக் கருப்பையில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் எடுத்துவிட வேண்டும் என்றார் கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் பார்க்கும் டாக்டரம்மா. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அவளுடைய ஹீமோகுளோபின் எட்டு. பத்தாவது இருந்தால்தான் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். ஆபரேஷன் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் ரத்தம் கொட்டி, இருக்கிறதும் குறையும். மாடம்பாக்கத்தில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. முதல் மாடித் திருப்பத்திலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். யாராவது பார்த்தால் செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்துகொள்வாள்.

"மாத்திரை தரேன், சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க. அதை விட முக்கியம், நல்லா சாப்பிடுங்கம்மா. கீரை, முட்டை, பேரீச்சம்பழம். ஒரு மாசம் கழிச்சுப் பாக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

எட்டைப் பத்தாக்க வேண்டும், ஒரு மாதம் அவகாசம். இதைவிட மோசமான இலக்குகளையெல்லாம் பார்த்தவன் நான். அன்றைக்கே மடிக்கணினியைத் திறந்தேன்.

முதலில் நிபுணர்களைக் கலந்தாலோசித்தேன். அதாவது, எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். அங்கே தண்ணீர் லாரி எப்போது வரும் என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில் கிடைக்காது, மருத்துவக் கேள்வி என்றால் பதிலுக்குப் பஞ்சமே இல்லை. ஒருவர் பீட்ரூட் சாறு என்றார். பீட்ரூட்டில் சர்க்கரை அதிகம் என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். மூன்றாவது மாடிக்காரர் எதற்கும் சியா விதை போதும் என்றார். ராஜகீழ்ப்பாக்கம் சூப்பர் மார்க்கெட்டில் அதையும் வாங்கி ஊறவைத்தோம். தவளை முட்டை மாதிரி வீங்கிக்கொண்டு டம்ளரில் மிதந்தது. அதில் என்ன சத்து இருந்ததோ, குடிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அடுத்தது முட்டை. தினம் ஒன்று என்று கட்டத்தில் போட்டுவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"செவ்வாய் முடியாது. முருகனுக்கு" என்றாள்.

"சரி, வெள்ளி?"

"அதெல்லாம் கேக்கணுமா?"

"சனி?"

"பெருமாள்."

"திங்கள்?"

"சிவன் கோயில் பக்கத்துல குடியிருந்துக்கிட்டுக் கேக்கறீங்களே."

"வியாழனையாவது விடேன்."

"வியாழக்கிழமை புதுசா விரதம் இருக்கேங்க. ஆபரேஷன் நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்."

சாப்பிட்டால்தான் ஆபரேஷன். ஆபரேஷனுக்காகச் சாப்பிடாமல் இருக்கிறாள். இதற்கு எக்செல்லில் சூத்திரம் கிடையாது. முட்டை புதனுக்கும் ஞாயிறுக்கும் ஒதுங்கியது.

மற்றபடி அது அருமையான திட்டம் என்று இன்றைக்கும் சொல்வேன். திங்கள் முருங்கைக் கீரை, செவ்வாய் கேழ்வரகு அடை, புதன் கொண்டைக்கடலை. இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சை. காபிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு மணி நேர இடைவெளி. புரதம் பச்சை, இரும்பு சிவப்பு, கால்சியம் நீலம். அச்சடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் கல்லூரிக்கார மகன் அதைப் பார்த்துவிட்டு, "செமப்பா" என்றான். அவன் என்னைப் பாராட்டியது அதற்கு முன்னால் எப்போது என்று நினைவில்லை. திட்டத்தைத் தீட்டியது நான். கீரையை ஆய்ந்தது, அடை தட்டியது, கடலையை ஊறப்போட்டது எல்லாம் அவள். அந்த வேலைப் பங்கீட்டில் எனக்கு எந்தத் தவறும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கறிக்கடைக்குப் போய் நின்றேன். ரத்தக் குறைவுக்கு ஆட்டின் மண்ணீரல்தான் மருந்து என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சுவரொட்டி என்று கேட்டால் கொடுப்பார்கள்.

"யாருக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"வீட்ல, பாய். ரத்தம் கம்மியா இருக்கு."

"ஒரு ஆட்டுக்கு ஒண்ணுதான் சார் கீது. மூணு பேரு சொல்லிக்கினு நிக்கிறாங்கோ. அக்காவுக்குன்னு சொல்றே, எட்த்துக்கோ. ஆனா அவுங்களுக்கு மட்டும் குட்க்கணும், இன்னா?"

"கண்டிப்பா பாய்."

அவள் அதை மிளகு போட்டு வறுத்தாள். நான்கு ஞாயிறும் வறுத்தாள். மிக நன்றாக இருந்தது. எப்படி இருந்தது என்று எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிவதைக் கவனியுங்கள். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

மாதக் கடைசியில் தொழிற்சாலையில் வருடாந்தர மருத்துவப் பரிசோதனை வந்தது. என் ஹீமோகுளோபின் பதினாறு. "என்ன சார் சாப்பிடறீங்க?" என்று கம்பெனி டாக்டர் வியந்தார். நான் பெருமையாகக் கைபேசியில் கட்டத்தைக் காட்டினேன். தனக்கும் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன்.

அதே வாரம் டாக்டரம்மாவிடம் போனோம். என் மனைவிக்கு ஏழே முக்கால்.

லேப்காரர்கள் தப்புப் பண்ணியிருப்பார்கள் என்றேன். மாத்திரை போலியோ என்றேன். டாக்டரம்மா அவளைப் பார்த்து, "மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடறீங்க?" என்றார். "ஒரு மணிக்கு டாக்டர், திங்கள்னா கீரை..." என்று நான் ஆரம்பித்தேன்.

"சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அம்மா, நீங்க சொல்லுங்க."

"எல்லா வேலையும் முடிஞ்சதும் சாப்பிடுவேன் டாக்டர். மூணு, மூணரை ஆயிடும். சாப்பிட்டதும் அப்படியே அசந்துடுவேன், மாத்திரை சில நாள் மறந்துடும்."

"என்ன சாப்பிடுவீங்க?"

அவள் யோசித்தாள். கஷ்டமான கேள்வியைக் கேட்டுவிட்ட மாதிரி நெடுநேரம் யோசித்தாள். "இருக்கறதுதான்" என்றாள். ஆபரேஷன் தள்ளிப்போனது.

அடுத்த ஞாயிறு அன்று நான் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் போட்டாள், மகனுக்குப் போட்டாள், எனக்கு மறுபடி போட்டாள். கீரைச் சட்டி காலியானது. முட்டை மூன்றில் இரண்டு மகனுக்கு, ஒன்று எனக்கு. வறுவல் தட்டில் மிளகுதான் மிச்சம் இருந்தது. அடுப்படியைத் துடைத்து, பாத்திரங்களை ஒழித்துப் போட்டுவிட்டு, ரசம் இருந்த பாத்திரத்திலேயே சோற்றையும் முந்தின நாள் கூட்டையும் போட்டுப் பிசைந்து, நின்றுகொண்டே சாப்பிட்டாள். ஒரு தட்டு கழுவுவது மிச்சமாம்.

எனக்கு வந்த கோபத்தில் கத்தினேன். யாருக்காக இத்தனையும் செய்கிறேன், உனக்கென்று அறிவு வேண்டாமா என்று என்னென்னவோ. அவள் பதற்றமே இல்லாமல், "மிச்சம் இருந்தா சாப்பிட மாட்டேனா?" என்றாள்.

தொழிற்சாலையில் சரக்கு தயாரானதோடு கணக்கை முடித்துவிட்டு, அது எந்த வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பார்க்காமல் விட்டால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு மாதம் முழுக்க நான் அதைத்தான் செய்திருக்கிறேன். என் கட்டத்தில் கிழமை இருந்தது, வேளை இருந்தது, மூன்று நிறங்கள் இருந்தன. யார் தட்டில் விழ வேண்டும் என்பது மட்டும் இல்லை. பாய் அதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

என்றாலும் பழக்கம் விடுமா? அன்று சாயங்காலமே புதுக் கட்டம். இந்த முறை ஆளுக்கு எவ்வளவு என்று போட ஆரம்பித்தேன். இரவுக்குத் தோசை. எனக்கு நாலு. மகனுக்கு ஆறு. அடுத்த கட்டத்தில் நிறுத்திவிட்டு, "உனக்கு எத்தனை தோசை?" என்று கேட்டேன்.

அவள் மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். "மாவு எவ்வளவு மிச்சம் இருக்கோ, அவ்வளவு."

"அது இல்லம்மா. வயிறு நிறையறதுக்கு எத்தனை வேணும்?"

"தெரியலீங்க" என்றாள். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கல்யாணமாகி இருபத்தோரு வருஷம்.

கரண்டியை வாங்கிக்கொண்டேன். அவளை உட்காரவைக்கவே பத்து நிமிஷம் ஆனது. அடுப்பைக் குறைங்க, எண்ணெயைச் சுத்தி விடுங்க என்று உட்கார்ந்த இடத்திலிருந்து மேற்பார்வை நடந்தது. முதல் தோசை கல்லிலேயே ஒட்டிக்கொண்டது. இரண்டாவது ஏதோ ஒரு மாநிலத்தின் வரைபடம். மூன்றாவதிலிருந்து வட்டத்துக்கு ஓரளவு பக்கத்தில் வந்தன. மூன்று சாப்பிட்டதும், "போதும், அவனுக்கு ஊத்துங்க" என்று எழுந்தாள். "அவன் காத்திருப்பான், உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள். நான் போடப் போடச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஏழாவது தோசை முடிந்துதான் கையை உதறினாள். நான் திரும்பிக்கொண்டு கல்லைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவள்தான் முதல் பந்தி. முதல் வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, நாங்கள் நிற்பதைப் பார்த்து. பிறகு பழகிவிட்டது. ஒரு மணிக்குச் சாப்பாடு, கையோடு மாத்திரை. வியாழக்கிழமை விரதத்தை எனக்கு மாற்றிக்கொடுத்தாள். பதினாறு இருக்கிறவன் தாங்குவான் என்றாள்.

இரண்டு மாதம் கழித்து, ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை. பத்தரை. முடிவை நீட்டிய லேப் பெண்ணுக்கே பழைய சீட்டைப் பார்த்து ஆச்சரியம். "சூப்பர்க்கா. அப்படி என்னக்கா சாப்பிட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"சூடா சாப்பிட்டேம்மா."