ஸா எங்கே போச்சு?

மயிலாப்பூரில் தடுக்கி விழுந்தால் ஒரு வயலின் மேல்தான் விழவேண்டும். என் கீழ்வீட்டில் ஒன்று, எதிர்வீட்டில் இரண்டு, மாவு மில்லுக்கு மேலே மாடியில் ஒரு வகுப்பே நடக்கிறது. மார்கழி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இந்த ஊரில் என்னோடு சேர்ந்து வாசிக்க இரண்டு பேர் கிடைக்காமல் வருஷக்கணக்கில் அல்லாடினேன் என்றால் யார் நம்புவார்கள்? ஊரெல்லாம் உறவு, ஒரு வாய்ச் சோறு இல்லை என்பார்களே, அது என் கதைதான்.

நான் வாசிப்பது செல்லோ. பார்க்க வயலினுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில் போட்டு வாசிக்கவேண்டும். வேலைக்காக வெளிநாட்டில் இருந்தபோது கற்றுக்கொண்டேன். அந்த ஊரில் வியாழக்கிழமை சாயங்காலமானால் ஒரு தபால்காரர், ஒரு பல் டாக்டர், நான் என்று யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலிய இசை எதையாவது வாசித்துவிட்டு, சூப் குடித்துவிட்டுக் கலைவோம். மேடையும் கிடையாது, கைத்தட்டலும் கிடையாது. அதில் ஒட்டிக்கொண்ட பைத்தியம் எனக்கு. திரும்பி வரும்போது செல்லோவுக்கும் விமானத்தில் ஒரு சீட் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

இங்கே அதைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை என்பதில்கூட எனக்கு எரிச்சல் இல்லை. தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்களே, அதுதான் எரிச்சல். தி. நகரில் ஒரு வாத்தியக் கடையில் “செல்லோவுக்கு ஸ்ட்ரிங் இருக்கா?” என்று கேட்டேன். “செல்லோ டேப்பெல்லாம் ஸ்டேஷனரி கடையில கேளுங்க மேடம்” என்றார்கள். சைதாப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் பெட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, உள்ள ஆள் கீதா?” என்றார். சொந்தக்காரர்கள் இதில் சினிமாப் பாட்டு வருமா, ரிசப்ஷனுக்கு வாசிப்பாயா என்றார்கள். நந்தனத்தில் எங்கள் ஆபீஸ் பக்கம் டீ குடிக்க வரும் கிட்டார்காரன் ஒருவன் நான் போனில் போட்டுக்காட்டியதை முழுசாகக் கேட்டுவிட்டு, “அக்கா, இதுக்குக் கீழ ஒரு பீட் போட்டு ஃப்யூஷன் பண்ணா செம்மையா இருக்கும்” என்றான். ஃப்யூஷன் என்ற வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் காதில் புகை வரும்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இரண்டு வயலினுக்கும் ஒரு செல்லோவுக்குமாக எழுதிய ஒரு சின்ன உருப்படி. பாயசம் கொதிக்கிற நேரத்தில் முடிந்துவிடும். அதை முதலிலிருந்து கடைசி வரை, ஒரே ஒரு தடவை, உயிருள்ள மனுஷர்களோடு வாசிக்கவேண்டும். அடையாறில் ஒரு பெண் அகப்பட்டாள், நன்றாகவும் வாசித்தாள். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கனடா விசா வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த இன்னொருவருக்கு பெங்களூரில் வேலை. எனக்கு ஆள் கிடைக்கிறதோ இல்லையோ, என்னோடு வாசிக்க வந்தவர்களுக்கெல்லாம் வழி பிறந்தது.

அதனால் போனோடு வாசித்தேன். இரண்டு வயலின்கள் மட்டும் ஒலிக்கிற ஒரு பதிவு. அதைப் போட்டுவிட்டு என் பங்கை நான் வாசிப்பேன். ஆபீஸிலிருந்து வந்ததும் தினமும் இதுதான். போன் தப்பே செய்யாது. நடுவில் குக்கர் விசிலடித்தாலும் எனக்காகக் காத்திருக்காது.

போன வருஷம் ஒருவழியாக இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் வடபழனிக்காரர், சினிமா ரெக்கார்டிங்கில் காலமெல்லாம் வயலின் வாசித்து ஓய்ந்தவர். எந்த நொட்டேஷனை நீட்டினாலும் அடுத்த நிமிஷம் வாசித்துவிடுவார். எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்கிற ஆள். ஆனால் வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, “மேடம், ஹெட்போன் இல்லியா? கிளிக் எதுல வரும்?” காதில் டிக் டிக் என்று ஒரு மிஷின் கணக்குச் சொல்லாமல் அவர் வில்லை எடுத்ததே இல்லையாம். தன் பங்கை ஒரு தடவை வாசித்து முடித்ததும் பெட்டியை மூடத் தொடங்கினார். “டேக் ஓகே தானே மேடம்? அப்பறம் இன்னா?”

இன்னொருவர் என் கீழ்வீட்டு மாமி. ஐம்பது வருஷக் கர்நாடக வயலின். நான் கெஞ்சிக் கேட்டதால், “ஆத்துல சும்மாத்தான் இருக்கேன், வரேன்” என்று படியேறி வந்தார். நாற்காலியில் உட்கார மாட்டார். சம்மணம் போட்டு, வயலினின் தலையைக் கால் மேல் ஊன்றினால்தான் வாசிப்பு வரும். தரையில் உட்கார்ந்தால் எங்கள் முகம் தெரியாது என்பதால் என் கட்டிலை ஹாலுக்கு இழுத்துப்போட்டு அவரை அதன்மேல் ஏற்றினோம். அவர் பங்கை ஸரிகமவாக எழுதிக் கொடுத்தேன். எந்த ஸ்வரத்தையும் அசைக்காமல் மொட்டையாக வாசிக்கவேண்டும் என்றேன். ஏதோ உப்பில்லாமல் சமைக்கச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். வாசிக்கும் முன் சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டார். அது இல்லாமல் தொடங்கினால் அபசகுனம் போல.

தொடக்கம் நன்றாகவே போகும். நடுவில் அந்த இத்தாலியர் ஆதார ஸ்வரத்தையே தூக்கி வேறு இடத்தில் வைத்துவிடுவார். அது அந்த இசையின் இயல்பு. சுருதிப்பெட்டி மட்டும் பழைய இடத்திலேயே நின்று ஊளையிடும். மாமி சட்டென்று வில்லை நிறுத்திவிடுவார்.

“ஸா எங்கே போச்சு?”

“நகர்ந்துடுச்சு மாமி. இந்தச் சங்கீதத்துல நகரும்.”

“எங்களவாளும் கிரகபேதம்னு நகத்துவா. ஆனா காட்டிட்டுச் சட்டுனு திரும்பிண்டு வந்துடுவா. இந்த மனுஷன் போனவன் போனவன்தான்.”

நாலு வாரம் இதே இடம், இதே கேள்வி. வடபழனிக்காரர் கிளிக் கேட்பார், மாமி ஸாவைத் தேடுவார், நான் நடுவில் பல்லைக் கடிப்பேன். ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. சுருதிப்பெட்டியை அணைத்தேன். வடபழனிக்காரர் கிளிக்குக்காகக் காதில் செருகியிருந்த இயர்போனை நானே வாங்கி மேஜைமேல் வைத்தேன்.

“சார், கிளிக் கிடையாது. மாமி, ஸாவைத் தேடாதீங்க. என் வில்லைப் பார்த்து வாசிங்க. அவ்வளவுதான்” என்றேன். கொஞ்சம் கத்தியே சொல்லிவிட்டேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொடங்கினோம்.

ஆதாரம் நகரும் இடம் வந்தது. மாமி நிற்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, புளித்த மோரை விழுங்குகிற மாதிரி விழுங்கிக்கொண்டு, கடந்துபோனார். வடபழனிக்காரர் காலால் தாளம் போட்டபடி கூடவே வந்தார். கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். இத்தனை வருஷம் கேட்டது நடக்கப்போகிறது என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது. கடைசி வரியைத் தப்பில்லாமல் வாசித்து, கடைசி ஸ்வரத்தை முழுசாக இழுத்து, வில்லை எடுத்தேன்.

அவர்கள் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

முடிவு வருகிறதென்று தெரிந்து இருவரும் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருவர் மற்றவருக்காக இழுத்து, காத்து, பக்கத்தில் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். கீழே தாங்குவதற்கு நான் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்தக் காலியிலேயே முடித்தார்கள்.

வடபழனிக்காரர் வயலினை மடியில் வைத்தார். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

“மேடம், நீங்க யார்கூட வாசிச்சீங்க?”

எனக்குப் பதில் தெரியும். என் போன்தான், சோபாவில் கவிழ்ந்து கிடந்தது. பதிவு என்றைக்கும் வேகத்தைக் குறைத்ததில்லை, நானும் குறைத்ததில்லை. வாசிக்க ஆளில்லை, ஆளில்லை என்று ஊரெல்லாம் புலம்பினேனே, ஆள் வந்து உட்கார்ந்தபோது அவர்களை விட்டுவிட்டுத் தனியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. அதை மறைக்க வில்லுக்கு ரோஸின் பிசினைத் தேய்த்தேன்.

மாமி கட்டிலில் கால் மாற்றி உட்கார்ந்தார்.

“உன் வில்லைப் பாத்துண்டுதான் வாசிச்சேன். நீ எங்களை எங்கே பாத்தே? தலையைக் குனிஞ்சுண்டு ஓடறே.”

வடபழனிக்காரர் பெட்டியை மூடுவார் என்று நினைத்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அதைக் கழற்றி நான் பறிமுதல் செய்த இயர்போனுக்குப் பக்கத்தில், மேஜைமேல் வைத்தார், வயலினை மறுபடியும் தோளில் ஏற்றினார்.

“ஒன் மோர் மேடம்.”

நொட்டேஷன் ஸ்டாண்டை நான் ஓரமாக நகர்த்தினேன். அப்போதுதான் இரண்டு பேர் முகமும் தெரிந்தது.