நிச்சயதார்த்தத்துக்குப் பூக்காத ரோஜா

போன சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு ரோஜாச் செடிகள் பன்னிரண்டும் ஒரே சமயத்தில் பூத்துத் தொலைத்தன. தெருவே நின்று பார்த்தது. என் மனைவி மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

ஏன்? சொல்கிறேன். தப்பு என்னுடையதுதான்.

ஓசூர் குளிர் உங்களுக்குத் தெரியும். கார்த்திகை பிறந்தாலே புல்தரை சோம்பிவிடும். ஃபேக்டரியில் முப்பது வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்தவன் சும்மா இருப்பேனா? தோட்டத்துக்கு 'ஆனுவல் ஷட்-டவுன்' அறிவித்து, செக்-லிஸ்ட் ஒட்டினேன். புல்லை ஒட்ட வெட்டாதே, சருகைக் கூட்டு, மக்கிய எருவைத் தூவு, சாயங்காலம் தண்ணீர் விடாதே, ரோஜாவைக் கவாத்து செய்...

தோட்ட வேலைக்கு வரும் முனிராஜ், பாகலூர்க்காரர். பத்து வருஷம் ரோஜாப் பண்ணையில் இருந்தவர். எல்லாவற்றையும் உடனே முடித்தார். "ரோஜா மட்டும் நான் சொல்றப்ப சார்" என்றார். சொன்னபடி மார்கழி பிறப்பதற்கு முன்தினம் வந்து, செடிகளை முழங்கால் உயரத்துக்கு நறுக்கினார்.

"ஆயித்து சார்."

டிக் அடித்தேன்.

தை முதல் வாரம் மகளுக்கு நிச்சயதார்த்தம். "மண்டபமே வேணாம், எங்க ரோஜாத் தோட்டத்துலயே வெச்சுக்கலாம்" என்று சம்பந்தி வீட்டில் பெருமையடித்து வைத்திருந்தாள் மனைவி.

"ஏங்க, பூக்குமா?" என்று தினமும் கேட்டாள்.

"ப்ராசஸ் நடக்குது" என்றேன் நான். எனக்கென்ன தெரியும்?

அந்த நாளும் வந்தது. புல் பச்சைப் பசேல். ஓரத்தில் பன்னிரண்டு குச்சிகள், நாலைந்து சிவப்புத் துளிர்கள். சம்பந்தியம்மா குனிந்து பார்த்து, "இது என்ன செடிங்க?" என்று கேட்டார். மனைவியின் முகத்தைப் பார்க்க எனக்கு நிஜமாகவே வேதனையாக இருந்தது.

மறுநாள் முனிராஜைப் பிடித்தேன். "ஏம்ப்பா, பூவே வரல?"

"கரெக்டாதான் சார் கட் பண்ணேன். பிப்ரவரி பதினாலுக்கு வந்துடும் பாருங்க."

"பதினாலுக்கு யார் கேட்டாங்க?"

"ரோஜான்னா பதினாலுக்குதானே சார்? எங்க பண்ணையில வேற தேதியே கெடையாது."

காதலர் தினக் கணக்கு! வெட்டினால் பூக்க அறுபது நாளாம்; பதினாலிலிருந்து பின்னோக்கி எண்ணி வெட்டியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியுமா? செக்-லிஸ்டில் எருவை எழுதினேன், சருகை எழுதினேன்... பெற்ற மகளின் நிச்சயதார்த்தத் தேதியை எழுதவில்லை.

முனிராஜ் சொன்னபடியே போன சனிக்கிழமை பூத்தது. இருப்பதிலேயே நல்லதாக ஒன்றைப் பறித்து, இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் முதல் தடவையாக மனைவியிடம் நீட்டினேன். மன்னிப்பும் அதிலேயே அடக்கம்.

வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இருக்கட்டும்... சாமிக்கு வெச்சுடறேன்."

ஆக, காதலர் தினத்தன்று எங்கள் வீட்டில் ரோஜா கிடைத்த ஒரே ஆள் — பிரம்மச்சாரிப் பிள்ளையார்!