மேகப் படம் மறையும் வரை

கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கமான மைன்ஸ் மூடிய அந்த வருடக் கோடையில், என் தங்கை ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்தெருவில், பத்திரிகையும் நோட்டீஸும் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும் ஒரு டி.டி.பி. கடை திறந்தாள். ஒரு மேசை, ஒரு பிரிண்டர், ஒரு புதுக் கம்ப்யூட்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்ச். அவ்வளவுதான் கடை.

அவள் கணவர் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜைப் பழுதுபார்க்கிற ஷாஃப்ட் ஃபிட்டராக இருந்தவர். மைன்ஸ் மூடியபின் பெங்களூரில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. காலை ரயிலில் போய் இருட்டிய பிறகு திரும்புவார். குடும்பத்தோடு பெங்களூருக்கே போய்விடலாம் என்பது அவர் கட்சி. தங்கை மாட்டேன் என்றாள். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கடை நிலைத்து ஓடினால் இங்கேயே இருப்பது. இல்லையென்றால் மகளைப் பெங்களூரில் சேர்ப்பது.

நான் அப்போது பெங்களூரில் ஒரு செய்தித்தாளின் நியூஸ் டெஸ்கில் இருந்தேன். வார விடுமுறை எந்தக் கிழமையில் கிடைத்தாலும் ஊருக்கு வருவேன். பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்குப் புரூஃப் பார்த்துக் கொடுப்பேன்.

கம்ப்யூட்டரைக் கட்டிக் கொடுத்தது அவள் கொழுந்தன். கனரக இயந்திரத் தொழிற்சாலையில் டிராயிங் செக்‌ஷனில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்களுக்கு அசெம்பிள் செய்து கொடுப்பான். பெங்களூரில் பாகம் பாகமாக வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டு வந்து, வீட்டுக் கட்டிலின் மேல் பரப்பிப் பூட்டினான். மற்றவர்களுக்குப் போடுவதைப்போல இரண்டு மடங்கு மெமரி போட்டிருந்தான். கே.ஜி.எஃப்.பிலேயே இதுதான் வேகமான மெஷின் என்று சொன்னான். வேலை செய்யும்போது அது உண்மைதான். கிளம்புவதில்தான் தகராறு.

பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரையில் எண்கள் ஓடும். பிறகு நீல வானமும் வெள்ளை மேகங்களுமாக ஒரு படம் வரும். வந்த படம் போகாது. முனையிலுள்ள கடைக்குப் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினாலும் மேகங்கள் அங்கேயே நிற்கும். காலையில் ஒருமுறை போட்டுவிட்டு மாலையில் நிறுத்துகிற இடமென்றால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அந்தக் கோடையில் கரண்ட் நினைத்தபோது போய் நினைத்தபோது வந்தது. ஒவ்வொரு முறையும் மெஷின் முதலிலிருந்து கிளம்ப வேண்டும். யூ.பி.எஸ். பிறகு வாங்கலாம் என்று விட்டிருந்தார்கள். எதிரே இருந்த இன்னொரு டி.டி.பி. கடையில் யூ.பி.எஸ். இருந்தது.

வந்த வேலையும் காத்திருக்கக்கூடிய வேலை இல்லை. சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் மைனிங் லைன்களில் ஒருவர் காலையில் இறந்தால் மாலையில் எடுத்துவிடுவார்கள். அதற்குள் மரண நோட்டீஸ் தயாராகி, நகலெடுத்து, லைன் முனையிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டியாக வேண்டும். ஒரே மொழியில் போட்டால் போதாது. சொந்தக்காரர்களுக்குத் தமிழ், பக்கத்து லைனுக்குத் தெலுங்கு, சுற்று வட்டாரத்து ஆட்களுக்குக் கன்னடம். மூன்றும் ஒரே தாளில் வர வேண்டும். இறந்தவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும் எங்கள் ஊரில் இதுதான் வழக்கம். தங்கைக்கு மூன்றும் படிக்கத் தெரியும். கடை வைக்கலாம் என்ற துணிச்சல் அவளுக்கு வந்ததே அதனால்தான்.

கொழுந்தன் ஞாயிறுதோறும் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். முதல் வாரம் மெமரியைக் கழற்றி, அதன் விளிம்பை ரப்பரால் தேய்த்தான்.

“இன்னா தம்பி அது, மஞ்சளா மின்னுது?” என்றாள் தங்கை.

“தங்க முலாம் அண்ணி.”

“அடப்பாவி. மைன்ஸ மூடிட்டாங்க, மிச்சம் இதுலதான் கீது. பாத்துத் தேய்.”

தேய்த்தும் மாறவில்லை. அடுத்த வாரம், ஃப்ளாப்பியைத் தேடாமல் நேராக ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும்படி செட்டப்பில் மாற்றினான். எண்கள் சீக்கிரம் ஓடின. மேகங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. எர்த் சரியில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கடைக்குப் பின்னால் எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். பெட்டியைத் தொட்டால் லேசாக ஷாக் அடிப்பது நின்றது. வேறெதுவும் நடக்கவில்லை. கரண்ட் போய் வந்தால் டிஸ்க்கைச் சோதிக்கும் நீலத் திரை ஒன்று வரும்; அதைத் தாண்டிப் போக எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். அதைத் தாண்டினால் மறுபடி மேகம்.

தங்கையின் கணவர் ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்து இதை முழுவதும் பார்த்தார்.

“இந்நேரத்துக்குக் கேஜ் அடி லெவலுக்குப் போய், ஆள எறக்கிட்டு, மேல வந்திருக்கும்,” என்றார். அது தங்கைக்கு உறைத்தது.

மே மாதம் பாதியில் கொழுந்தன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, டிஸ்க்கைப் புதிதாக ஃபார்மேட் செய்தான். மெஷின் போட்டதும் வந்தது. மேகம் தெரிந்ததா என்றே சந்தேகம். அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனான். புதன்கிழமை நான் போனபோது மேகம் பழையபடி நின்றுகொண்டிருந்தது. அவன் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்தான்.

“அண்ணி, யாராச்சும் கேம் போட்டாங்களா?”

“உங்கண்ணனும் இதையேதான் கேட்டாரு. ரெண்டு பேரும் வூட்ல பேசி வெச்சிக்கினு வரீங்களா?”

“அப்ப நீங்க இன்னாதான் போட்டீங்க?”

“நீ குடுத்துட்டுப் போனப்ப நல்லா வந்துச்சு. அன்னிக்கே பிரிண்டர் போட்டேன். மறுநாள் காலைல நல்லாத்தான் வந்துச்சு. பேஜ் போடற சாஃப்ட்வேர் போட்டேன். அப்பவும் நல்லாத்தான் வந்துச்சு. அப்பறம் எழுத்து போட்டேன்.” அவள் நிறுத்தினாள். “எழுத்து போட்டப்பறம் கரண்ட் போச்சு.”

“எத்தினி எழுத்து?”

“சி.டி.ல இருந்தது எல்லாம்.”

“எந்த சி.டி.?”

மேசை டிராயரைத் திறந்து அவள் காட்டினாள். ஒன்றல்ல, ஓர் அடுக்கு. தமிழ், கன்னடம், தெலுங்கு, இங்கிலீஷ், எல்லாம் பெங்களூரில் பிளாட்பாரக் கடையில் வாங்கியவை. கொழுந்தன் எழுத்துருக்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போனான். பட்டியல் முடிகிற வழியாக இல்லை.

“இன்னா அண்ணி இது. கெளம்பறப்ப மெஷின் இந்த எழுத்து ஒவ்வொண்ணையும் பேர் சொல்லிக் கூப்ட்டு எண்ணிக்கினு வரணும். ஷிஃப்ட்ல மஸ்டர் ரோல் கூப்புடற மாரி.”

அவள் அவற்றைப் போட்டதற்குக் காரணம் இருந்தது. கடை திறந்த புதிதில் பூதிகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். மகன் கல்யாணப் பத்திரிகைக்குக் கோயில் அழைப்பிதழில் உள்ளதுபோல வளைந்த கன்னட எழுத்து வேண்டும் என்றார். இவளிடம் இல்லை. “இல்வா? சரி, பிடம்மா,” என்று கன்னடத்தில் சொல்லி, பரவாயில்லை என்பதுபோலக் கையை அசைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். வெளியே டைப் செய்த ஃப்ளாப்பியைக் கொண்டுவருகிறவர்கள் வேறு. அதே எழுத்துரு இங்கே இல்லையென்றால் திரையில் கட்டம் கட்டமாக வரும். இனி யாரையும் இல்லை என்று அனுப்பக்கூடாது என்று முடிவு செய்து, கிடைத்ததையெல்லாம் போட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரு வரி அச்சடித்துச் சுவர் முழுக்க ஒட்டியும் வைத்திருந்தாள்.

“முக்காவாசி எடுத்துடலாம்,” என்றான் கொழுந்தன்.

“எடுத்துட்டா, கேக்கறவங்களுக்கு இன்னா சொல்றது?”

“இல்லன்னு சொல்லுங்க.”

“அத சொல்லக்கூடாதுன்னுதான போட்டேன்.”

“சரி, தூக்கிப் போட வேணாம். வேற ஃபோல்டர்ல வெக்கறேன். யாராச்சும் கேட்டா அத மட்டும் எடுத்துப் போட்டுக்கங்க.”

அவளுக்கு மனமில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து, இது கல்யாணத்துக்கு, இது கடைப் போர்டுக்கு என்று வாதாடினாள். கடைசியில் மொழிக்குச் சில எழுத்துருக்கள் மட்டும் மிஞ்சின. மெஷினை நிறுத்திப் போட்டான். மேகம் வந்தது, போனது. யாரும் கைதட்டவில்லை. ஒருமுறை இப்படி ஏமாந்தவர்கள் நாங்கள்.

அடுத்த வாரமும் நான் பெஞ்சில் இருந்தேன். காலையில் சாம்பியன் ரீப்ஸ் லைனிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய அம்மா விடியற்காலையில் இறந்திருந்தார். சாயந்தரம் எடுக்கிறார்கள். கையில் அம்மாவின் படம், ஃப்ரேமிலிருந்து கழற்றியது. தங்கை படத்தை வாங்கி, பெயர், நேரம், மகன் மகள் விவரம் எல்லாம் கேட்டுத் தமிழில் அடித்து முடித்தாள். சேவ் செய்தாள். கன்னடத்தைத் தொடங்குவதற்குள் ஃபேன் நின்றது.

அவர் எழுந்துகொண்டார். எதிர்க்கடையில் திரை எரிந்துகொண்டிருப்பது எங்கள் பெஞ்சிலிருந்தே தெரியும்.

“கொஞ்சம் இருங்கண்ணா. வந்துடும்,” என்றாள்.

“கரண்ட் வந்தாலும் உங்க மெஷின் வர நேரமாவும்னு சொன்னாங்கம்மா.”

ஊரில் அந்தப் பெயர் ஏற்கனவே வந்துவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், முகம் மாறவில்லை. அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது ஃபேன் சுற்றத் தொடங்கியது. அவள் பட்டனை அழுத்தினாள். எண்கள், நீலத் திரை, அதைத் தாண்ட ஒரு தட்டு, மேகம். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் தெருவில் இறங்குவதற்குள் ஃபைலைத் திறந்துவிட்டாள்; அவர் அம்மாவின் பெயர் மறுபடி திரையில் இருந்தது.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சுவரைப் பார்த்து, “இந்த எழுத்துல போடுவீங்களா?” என்று கேட்டார். அவர் விரல் வைத்தது, வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிட்ட எழுத்துருக்களில் ஒன்று.

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், “அது வேற எடத்துல கீதுண்ணா. எடுத்துப் போட்டுத் தரேன். கொஞ்சம் ஆகும்,” என்றாள்.

“அப்ப வேணாம்மா. படிக்க வந்தா போதும். அம்மா பேரு மட்டும் பெருசா போடுங்க.”

மூன்று மொழிகளிலும் முடித்து, அவர் நோட்டீஸ் கட்டோடு போன பிறகு, தங்கை ஸ்டூலில் ஏறிச் சுவரிலிருந்த மாதிரித் தாள்களைக் கிழித்தாள். மெஷினில் இருந்த எழுத்துருக்களுக்கு மட்டும் புதிதாக ஒரு தாள் அச்சடித்து ஒட்டினாள். அதற்குப் பிறகு அந்த வேறு ஃபோல்டரைத் திறக்கச் சொல்லி எத்தனை பேர் கேட்டார்கள் என்று பின்னொரு நாள் விசாரித்தேன். யோசித்துப் பார்த்து, கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும், அதுவும் எப்போதாவது என்றாள்.

மே கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் கணவர் கடைக்கு வந்தார். பெஞ்சில் உட்காராமல் நேராகப் போய், தானே மெஷினை நிறுத்தி, தானே போட்டார். கையைக் கட்டிக்கொண்டு நின்று, மேகப் படம் வந்து போவதைப் பார்த்தார். மறுபடி நிறுத்தி, மறுபடி போட்டார். ஷாஃப்ட்டில் ரிப்பேர் செய்த கேஜை ஆள் ஏற்றாமல் ஓட்டிப் பார்க்கிற வழக்கம் அவருக்குப் போகவில்லை.

“இன்னா பாக்கறீங்க?” என்றாள் தங்கை.

“ஒண்ணுமில்ல. பொண்ணுக்கு யூனிஃபார்ம் துணி எடுக்கணும்ல. இங்கத்தி ஸ்கூலுக்கே எடுத்துடு,” என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போனார்.